மண்ணடுக்கின் சான்று

நுழையும்முன்

நாம் நிற்கும் நிலம் முழுவதும் இயற்கை தந்ததன்று. பள்ளங்களை நிரப்பியும் இடிபாடுகளைப் பரப்பியும் கழிவுகளைக் கொட்டியும் மனிதன் உருவாக்கிய நிலமும் அதில் உண்டு. அத்தகைய நிலத்தின்மேல் வீடும் பள்ளியும் எழுமுன், உள்ளே இருப்பது என்ன என்பதைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பார்த்ததைப் பிழையின்றி எழுதிவைக்க வேண்டும். மண்ணைச் சொற்களால் விவரிக்கும் அந்த முறையையும், அச்சொற்களை நம்பி மனித உயிர்கள் வாழ்வதையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு டாலர் நிலம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், நயாகரா அருவியின் அருகே அதே பெயரில் ஒரு நகரம் உள்ளது. 1890களில் வில்லியம் லவ் என்னும் தொழில்முனைவர் அங்கு ஒரு கால்வாயை வெட்டத் தொடங்கினார். ஆற்றுநீரைத் திருப்பி மின்னாற்றல் பெறுவதும், அதனைச் சுற்றி ஒரு தொழில்நகரம் அமைப்பதும் அவரது திட்டம். போதிய பணமின்றிப் பணி பாதியில் நின்றது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளமும், ‘லவ் கால்வாய்’ என்னும் பெயரும் மட்டும் எஞ்சின.

1942 முதல் 1953 வரை ஹூக்கர் என்னும் வேதிப்பொருள் நிறுவனம், ஏறத்தாழ 20,000 டன் கழிவுகளை அப்பள்ளத்தில் புதைத்தது. அவற்றின்மேல் களிமண் பரப்பப்பட்டது, புல் முளைத்தது. 1953இல் அந்நிலம் ஒரே ஒரு டாலர் விலைக்கு நகரின் கல்வி வாரியத்திற்குக் கைமாறியது. வேதிப்பொருள் உற்பத்தியில் விளைந்த கழிவுகளால் அந்நிலம் முழுவதுமாகவோ பகுதியாகவோ நிரப்பப்பட்டுள்ளது என்னும் கருத்துடைய ஒரு குறிப்பு விற்பனை ஆவணத்தில் இருந்தது.

அக்குறிப்பு பொய்யன்று. ஆயினும், எந்தக் கழிவு, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு பருமனுள்ள களிமண் மூடியின்கீழ், எந்த எல்லைவரை என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை. ஆவணம் பெட்டிக்குள் உறங்கியது. நிலத்தின்மேல் பள்ளிக்கூடம் எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. அடித்தளத்திற்காகவும் சாலைகளுக்காகவும் கழிவுநீர்க் குழாய்களுக்காகவும் தோண்டியவர்கள் களிமண் மூடியைப் பல இடங்களில் வெட்டிச் சென்றனர். மழைநீரும் பனி உருகிய நீரும் அவ்வெட்டுகளின் வழியே உள்ளே இறங்கின. 1970களின் நடுவில் வேதிக் குழம்பு வீடுகளின் நிலவறைகளுக்குள் கசிந்தது.

1978 ஆகஸ்டு 2 அன்று அம்மாநிலத்தின் நலவாழ்வுத் துறை அங்கு நெருக்கடிநிலையை அறிவித்து, கருவுற்ற பெண்களும் இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஐந்து நாள்களில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் நாட்டளவிலான நெருக்கடிநிலையை அறிவித்தார். அப்பகுதியில் வாழ்ந்த லூயிஸ் கிப்ஸ் என்னும் தாய், அண்டை வீட்டாரை ஒன்றுதிரட்டி நடத்திய போராட்டம் உலகின் கவனத்தை ஈர்த்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடுகளைக் கைவிட்டு வெளியேறின. 1980 திசம்பரில், மாசடைந்த நிலங்களைத் தூய்மைப்படுத்துவதற்கான தனிச்சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது.

லவ் கால்வாயின் துயரத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று மொழியோடு தொடர்புடையது. ‘நிரப்பப்பட்டது’ என்று மட்டும் எழுதிய ஒரு குறிப்பால் அந்நிலத்தில் வாழ வந்தவர்களைக் காக்க முடியவில்லை. நிரப்பப்பட்டதை விவரிப்பது எவ்வாறு என்னும் வினா இங்கிருந்து எழுகிறது.

செயற்கை நிலம்

செம்மண், கரிசல், வண்டல், களிமண், உவர்மண், சரளை என மண்ணைப் பெயரிட்டுப் பகுத்தறிவது நமக்குப் பழக்கமானது. இவை யாவும் பாறை சிதைந்தும் ஆறு கொணர்ந்தும் காற்று படிவித்தும் உருவானவை. இவற்றின் பரவலில் ஓர் ஒழுங்கு உண்டு. ஓரிடத்தில் தோண்டிக் கண்டதைக்கொண்டு, பத்து மீட்டர் தொலைவில் என்ன இருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

மனிதன் கொண்டுவந்து கொட்டியோ பரப்பியோ உருவாக்கிய அடுக்கைச் செயற்கை நிலம் என்கிறோம். இதில் இருவகை உண்டு. சாலைக்கரை, அணைக்கரை போன்றவற்றிற்காகத் தேர்ந்தெடுத்த மண்ணைப் படிப்படியாகப் பரப்பி, உருளைகொண்டு இறுக்கி, ஆய்ந்து அமைப்பது ஒருவகை. கல்குவாரியிலும் குட்டையிலும் களிமண் வெட்டிய குழியிலும், கிடைத்ததைக் கிடைத்தவாறு கொட்டி நிரப்புவது மற்றொரு வகை. முதல்வகையின் இயல்பு பதிவேட்டில் இருக்கும். இரண்டாம் வகையில் எதுவும் இருக்கலாம். ஓரடி தள்ளித் தோண்டினால் வேறொன்று வெளிப்படலாம்.

இரண்டாம் வகையை இனங்காண்பது எளிதெனத் தோன்றும். செங்கல், கண்ணாடி, நெகிழி, இரும்பு ஆகியவை தென்பட்டால் ஐயமில்லை. ஆனால், வேறிடத்தில் வெட்டிய தூய களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டியிருந்தால் அது இயற்கைக் களிமண்ணைப் போலவே தோன்றும். அந்நிலையில் சிறு தடயங்களே துணை. களிமண் ஒரே பிழம்பாக இல்லாமல் பல நிறக் கட்டிகளின் கலவையாக இருப்பது ஒரு தடயம். இரண்டு மீட்டர் ஆழத்தில் தனித்துக் கிடக்கும் ஓர் ஓட்டுச் சில்லு இன்னொரு தடயம். அடியில் வேர்களோடும் கருநிறத்தோடும் புதையுண்டு கிடக்கும் பழைய மேல்மண் உறுதியான தடயம். அதன்மேல் உள்ளது முழுவதும் பின்னர் வந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

மனிதத் தடம் அற்ற மண்ணைத் தொல்லியலார் கன்னிமண் என்பர். அகழாய்வுக் குழியில் அடுக்கடுக்காக இறங்கிக் கன்னிமண்ணை எட்டும்வரை அவர்கள் ஒவ்வோர் அடுக்கையும் பதிவுசெய்கின்றனர். மாசடைந்த நிலத்தை ஆய்பவரின் பணியும் அத்தகையதே. தொல்லியலார் பழங்கால வாழ்வைத் தேடுகின்றனர். நிலஆய்வாளர் அண்மைக்கால வாழ்வு விட்டுச்சென்ற நஞ்சைத் தேடுகிறார்.

தோண்டுவதற்கு முன்

ஆய்வு மண்வெட்டியில் தொடங்குவதில்லை. பழைய ஆவணங்களில் தொடங்குகிறது. ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நிலப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒன்றில் குளமாக இருந்த இடம் அடுத்ததில் வெற்றிடமாகவும், அதற்கடுத்ததில் பட்டறையாகவும் மாறியிருப்பது தெரியவரும். ‘குளம் எங்கே போயிற்று?’ என்பதே ஆய்வாளரின் முதல் வினா. செங்கற்சூளை இருந்த இடத்தில் களிமண் வெட்டிய குழி இருந்திருக்கும். குழி இருந்த இடத்தில் அதை நிரப்பிய பொருள் இருக்கும். தோல் பதனிடும் தொழிலகம், சாயப்பட்டறை, எரிவாயு ஆலை, பழைய பெட்ரோல் நிலையம் என ஒவ்வொன்றும் தனக்கே உரிய கழிவை மண்ணில் விட்டுச்செல்லும்.

அதன்பின் சோதனைக்குழிகள் தோண்டப்படுகின்றன. பொக்லைன் இயந்திரம் அள்ளியெடுக்கும் ஒவ்வொரு வாளி மண்ணும் ஆழம் குறிக்கப்பட்டு வரிசையாகக் குவிக்கப்படுகிறது. முட்டுக்கொடுக்காத குழிக்குள் ஆய்வாளர் இறங்குவதில்லை. பக்கச்சுவர் எந்த நொடியிலும் சரியக்கூடும். குழியின் விளிம்பிலிருந்து சுவரைப் பார்த்தும், வெளியே குவித்த மண்ணைக் கையுறை அணிந்து ஆராய்ந்தும் விவரிக்கிறார். பெரும்பாலான குழிகள் சில மணிநேரத்தில் மீண்டும் மூடப்படுகின்றன. பின்னர் முடிவெடுக்கும் பொறியாளர், வேதியியலர், மருத்துவர், அரசு அலுவலர் எவரும் அக்குழியைக் கண்டிருக்கமாட்டார். ஆய்வாளர் எழுதிய குழிப்பதிவும் எடுத்த ஒளிப்படமும் அனுப்பிய மண்மாதிரியுமே அவர்களிடம் சேரும்.

எதை எழுதுவது?

பிரிட்டனின் நிலஆய்வு நெறிமுறையான பி.எஸ். 5930, செயற்கை நிலத்தை விவரிப்பதற்கெனத் தனி அறிவுரைகளைக் கொண்டுள்ளது. பல நாடுகளின் நிலஆய்வாளர்கள் அதனையொட்டிய முறைகளைக் கையாள்கின்றனர். அம்முறைகளின் சாரத்தைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, அடுக்கு எந்த ஆழத்தில் தொடங்கி எந்த ஆழத்தில் முடிகிறது என்பது. அடுக்குகளுக்கு இடையேயுள்ள எல்லை கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக உள்ளதா, ஒன்று மற்றொன்றில் கரைவதுபோல் மெல்ல மாறுகிறதா, எத்திசை நோக்கிச் சரிகிறது என்பனவும் இதில் அடங்கும். லாரிகள் ஓரத்தில் நின்று கொட்டிய பள்ளத்தில் அடுக்குகள் சரிந்தே கிடக்கும்.

இரண்டாவது, மண்ணின் அடிப்படை இயல்பு. அது களியா, வண்டலா, மணலா, சரளையா? இறுகியதா, தளர்ந்ததா? உலர்ந்ததா, ஈரமானதா? இயற்கை மண்ணுக்குக் கேட்கும் இவ்வினாக்களைச் செயற்கை நிலத்திற்கும் கேட்க வேண்டும். ஏனெனில், நீரும் வாயுவும் அதன் வழியே எவ்வளவு விரைவாக நகரும் என்பதை இவ்விடைகளே தீர்மானிக்கின்றன.

மூன்றாவது, மண்ணில் கலந்துள்ள மனிதப் பொருள்கள். செங்கல், கான்கிரீட், சாம்பல், உருகி இறுகிய கரிக்கட்டி, இரும்புக் கசடு, மரம், துணி, நெகிழி, கண்ணாடி ஆகியவற்றின் பெயரோடு அவற்றின் அளவையும் எழுத வேண்டும். ‘ஆங்காங்கே’, ‘நிறைய’ என்னும் சொற்கள் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வோர் அளவைத் தோற்றுவிக்கும். ‘பருமனளவில் ஏறத்தாழ 20 விழுக்காடு செங்கல்’ என்பது அனைவருக்கும் ஒன்றாகவே பொருள்படும். கண்ணால் மதிப்பிட்டதாயினும் எண் எண்ணே.

நான்காவது, பெரிய பொருள்களும் வெற்றிடங்களும். உருளைக்கலன், வாகனப்பகுதி, பழைய தொட்டி, உள்ளீடற்ற குழாய் ஆகியவை பிற்காலத்தில் நசுங்கினால் மேலே உள்ள தரை அமிழும். உள்ளே நீர்மம் இருந்தால் கசியும்.

ஐந்தாவது, மக்கும் பொருள்கள். உணவுக்கழிவும் தாளும் மரமும் எந்த அளவிற்கு மக்கியுள்ளன என்பதை எழுத வேண்டும். காற்றில்லாச் சூழலில் அவை மக்கும்போது மீத்தேன் வாயு உருவாகிறது.

ஆறாவது, காலத்தைக் காட்டும் சான்றுகள். குப்பையில் கிடக்கும் செய்தித்தாளின் தேதி, புட்டியின் அடியிலுள்ள முத்திரை, உறையின் விலைக்குறிப்பு ஆகியவற்றைக்கொண்டு அவ்வடுக்கு எப்போதைக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பதை அறியலாம்.

ஏழாவது, புலன்களுக்குத் தென்படும் மாசின் அறிகுறிகள். நிறம், கறை, மணம், எண்ணெய்ப் படலம், நார்கள், வெப்பம், குழியிலிருந்து எழும் ஆவி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். நிலத்தடியில் குப்பை புகைந்துகொண்டிருந்தால் தோண்டிய குழியிலிருந்து ஆவி எழுவதுண்டு.

நிறமும் மணமும்

19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் நகரங்கள்தோறும் நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரிக்கும் ஆலைகள் இயங்கின. விளக்குகளுக்குச் செல்லுமுன் அவ்வாயு இரும்பு ஆக்சைடின் வழியே செலுத்தப்பட்டுத் தூய்மைப்படுத்தப்பட்டது. வாயுவிலிருந்த சயனைடு இரும்போடு வினைபுரிந்து அடர்ந்த நீலநிறச் சேர்மமாக மாறியது. ஓவியர்கள் அதனைப் பிரஷ்ய நீலம் என்பர். பயன்படுத்திக் கழித்த அந்நீல மண் பள்ளங்களை நிரப்பப் பயன்பட்டது. இன்று ஒரு சோதனைக்குழியில் நீலக் கட்டிகள் தென்பட்டால், அங்கு எரிவாயு ஆலைக் கழிவு வந்திருக்கலாம் என்பதை ஆய்வாளர் உணர்கிறார். தாரின் நெடியும் அந்துருண்டை மணமும் உடன் இருந்தால் அவ்வெண்ணம் வலுப்பெறும்.

மஞ்சள் நிறத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அருகிலுள்ள ஷாஃபீல்டில், 19ஆம் நூற்றாண்டு தொடங்கி 1960களின் இறுதிவரை ஒரு குரோமியத் தொழிற்சாலை இயங்கியது. தாதுவிலிருந்து குரோமியத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவு, சுற்றுவட்டாரத்தின் பழைய குழிகளையும் தாழ்நிலங்களையும் நிரப்பப் பயன்பட்டது. அக்கழிவில் புற்றுநோயை உண்டாக்கவல்ல ஆறிணைதிறக் குரோமியம் உள்ளது. அது நீரில் எளிதில் கரைந்து, நீருக்கு மஞ்சள் நிறம் ஊட்டுகிறது. தொழிற்சாலை மூடிப் பல பத்தாண்டுகள் கடந்தபின்னும் அப்பகுதியின் ஓடையொன்று அண்மைக் காலத்தில் பளிச்சிடும் மஞ்சட்பச்சை நிறத்தில் ஓடியதுண்டு.

இச்சிக்கல் நமக்கு அயலானதன்று. தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமியத் தொழிற்சாலை ஒன்றின் வளாகத்தில் இலட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு குவிந்துள்ளது. மழைக்காலத்தில் அதன்வழியே கசியும் நீர் மஞ்சள் நிறம் கொள்கிறது. தொழிற்சாலை நின்றாலும் கழிவிலிருந்து குரோமியம் கரைவது நிற்பதில்லை. மாசடைந்த இடங்களை இனங்கண்டு ஆய்ந்து சீர்செய்வதற்கெனத் தனி விதிகளை இந்திய அரசு 2025இல் வெளியிட்டது.

மணத்தைப் பதிவுசெய்வதில் எச்சரிக்கை வேண்டும். மண்ணை மூக்கருகே கொண்டுசென்று முகர்தல் கூடாது. இயல்பாகக் காற்றில் வந்தடையும் மணத்தையே குறிக்க வேண்டும். அழுகிய முட்டையின் நாற்றம் ஐதரசன் சல்பைடு வாயுவைச் சுட்டும். ஆனால் அவ்வாயு மிகும்போது முகரும் ஆற்றலையே மழுங்கச்செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதால் இடர் நீங்கிவிட்டதெனக் கருதுவது உயிருக்கே கேடாக முடியும். அதனால் வாயு அளக்கும் கருவி உடனிருத்தல் இன்றியமையாதது.

தெரிந்து தெளிவோம்

தேங்கிய நீரின்மேல் வானவில் நிறத்தில் மின்னும் படலம் அனைத்தும் எண்ணெயன்று. இரும்புச்சத்து நிறைந்த நீரில் வாழும் நுண்ணுயிர்களும் அத்தகைய படலத்தை உண்டாக்குகின்றன. ஒரு குச்சியால் படலத்தைக் கலைத்துப் பார்க்கலாம். கண்ணாடி உடைவதுபோல் சில்லுகளாகப் பிரிந்து நின்றால் அது நுண்ணுயிர்ப் படலம். கலைந்தபின் மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய் எனக் கருதலாம்.

கண்டதும் கருதியதும்

குழிப்பதிவின் அறம், கண்டதையும் கருதியதையும் பிரித்தெழுதுவதில் உள்ளது. ‘தார் போன்ற மணம்’ என்பது கண்டறிந்தது. ‘தார் மாசு’ என்பது கருதியது. வேதியியல் ஆய்வு முடியும்வரை இரண்டாவதை உண்மையாக எழுதக் கூடாது. உடைந்த தகட்டின் விளிம்பில் மெல்லிய நார்கள் தென்பட்டால், ‘கல்நார் என ஐயுறத்தக்க நார்கள்’ என எழுதுவதே முறை. கல்நார்தானா என்பதை நுண்ணோக்கி சொல்லும். அதேவேளையில், உறுதியாகத் தெரியவில்லை என்பதற்காக நார்களைக் குறிப்பிடாமல் விடுவது பெரும்பிழை. ஐயம் எழுதப்பட்டால்தான் ஆய்வு நடக்கும்.

இல்லாமையையும் எழுத வேண்டும். ஓர் அடுக்கின் விவரிப்பில் மணத்தைப் பற்றிய சொல்லே இல்லையெனில், மணம் இல்லையா, ஆய்வாளர் கவனிக்கவில்லையா என்பது படிப்பவருக்குத் தெரியாது. ‘மணம் உணரப்படவில்லை’ என்னும் இரு சொற்கள் அவ்வையத்தைத் தீர்க்கும். பதிவேட்டில் மௌனம் இருபொருள்படும்.

இன்னொரு மயக்கத்தையும் தவிர்க்க வேண்டும். செயற்கை நிலம் அனைத்தும் நஞ்சன்று. இயற்கை நிலம் அனைத்தும் தூயதுமன்று. தூய மண்ணால் நிரப்பிய பள்ளமும் உண்டு; மேலிருந்து கசிந்த எண்ணெயால் கறைபட்ட இயற்கைக் களிமண்ணும் உண்டு. எனவே அடுக்கு எவ்வாறு உருவானது என்பதும், அது மாசுற்றதா என்பதும் வெவ்வேறு வினாக்கள். ஒன்றன் விடையை மற்றொன்றுக்குச் சூட்டக் கூடாது.

ஒரு குழி, இரு பதிவுகள்

விளக்கத்திற்காக ஒரு குழியைக் கற்பனை செய்வோம். முதலாமவர் அதனைப் பின்வருமாறு பதிவுசெய்கிறார்:

0 – 1.90 மீ. நிரப்பு மண்.
1.90 – 2.60 மீ. களிமண்.

அதே குழியை இரண்டாமவர் பின்வருமாறு பதிவுசெய்கிறார்:

0 – 0.30 மீ. செயற்கை நிலம்: கரும்பழுப்பு நிற, மணல்கலந்த மேல்மண். புல்வேர்கள் மிகுதி. செங்கற்சில்லுகள் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. மணம் உணரப்படவில்லை.

0.30 – 1.10 மீ. செயற்கை நிலம்: செம்பழுப்பு நிற மணலும் சரளையும். செங்கல் ஏறத்தாழ 40 விழுக்காடு, கான்கிரீட் 20 விழுக்காடு. 300 மி.மீ. வரையிலான கான்கிரீட் துண்டுகள் மூன்று. 0.90 மீட்டரில் சாம்பல்நிறத் தகட்டுத்துண்டு ஒன்று, உடைந்த விளிம்பில் கல்நார் என ஐயுறத்தக்க நார்கள், தனியே உறையிடப்பட்டது. மணம் உணரப்படவில்லை. கீழ்எல்லை கூர்மையானது.

1.10 – 1.90 மீ. செயற்கை நிலம்: தளர்ந்த, கருநிறச் சாம்பல். உருகி இறுகிய கரிக்கட்டிகள் ஏறத்தாழ 30 விழுக்காடு, அடர்நீலக் கட்டிகள் 5 விழுக்காடு. மிதமான தார்மணம். 1.70 மீட்டரில் மெல்லிய நீர்க்கசிவு. நீர்மேல் எண்ணெய் போன்ற படலம். கீழ்எல்லை கூர்மையானது, வடக்கு நோக்கிச் சரிகிறது.

1.90 – 2.60 மீ. இயற்கை நிலம்: மென்மையான சாம்பல்நிறக் களிமண். முதல் 0.20 மீட்டரில் பழைய வேர்த்தடங்களின் வழியே கருங்கறை, இலேசான தார்மணம். அதற்குக் கீழே கறையோ மணமோ உணரப்படவில்லை. 2.60 மீட்டரில் குழி முடிவுற்றது.

முதற்பதிவிலும் பொய் ஏதுமில்லை. லவ் கால்வாய் ஆவணத்தைப் போலவே அதுவும் உண்மையைச் சொல்லி, தேவையானதைச் சொல்லாமல் விட்டது. இரண்டாம் பதிவைப் படிப்பவர் குழியைக் காணாமலேயே பலவற்றை அறிகிறார். கட்டட இடிபாடு ஒருகாலத்திலும் அதற்கு முன்பு சாம்பல் வேறொரு காலத்திலும் வந்தன. நீலக் கட்டிகளுக்குச் சயனைடு ஆய்வும், தார்மணத்திற்குக் கரிமச் சேர்மங்களின் ஆய்வும் தேவை. களிமண் நீரை இறங்கவிடாமல் தாங்குவதால், அதன் மேலுள்ள சாம்பலில் நீர் தேங்குகிறது. வேர்த்தடங்களின் வழியே மாசு சிறிது இறங்கியிருக்கலாம்; ஆயினும் தொலைவு செல்லவில்லை எனத் தோன்றுகிறது. அடுக்கு வடக்கே சரிவதால், பள்ளம் அத்திசையில் ஆழமாகலாம். அடுத்த குழியை எங்கே தோண்டுவது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பதிவிலிருந்து முடிவுக்கு

மண்மாதிரியை எடுப்பதற்கும் விவரிப்பே வழிகாட்டி. ஒரு கிலோ மண்ணில் 1,000 மில்லிகிராம் ஈயமுள்ள 20 செ.மீ. அடுக்கு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அடுக்குகளைப் பிரித்துணராமல், ஈயமற்ற 180 செ.மீ. மண்ணோடு அதனைச் சேர்த்துக் கலந்து அனுப்பினால், ஆய்வகத்தின் விடை ஏறத்தாழ 100 மில்லிகிராம் என வரும். ஆய்வகம் பிழை செய்யவில்லை. கருவியும் பிழை செய்யவில்லை. அடுக்கைக் காணாத கண்ணே பிழை செய்தது. எனவே, ஒரு மாதிரி இரண்டு அடுக்குகளைக் கடந்து எடுக்கப்படுதல் கூடாது.

மாசின் இடரை மதிப்பிடுவோர் மூன்றைத் தேடுகின்றனர்: மாசின் மூலம், அது நகரும் வழி, அதனால் தாக்குறும் உயிர் அல்லது பொருள். மூன்றும் ஒரே சங்கிலியாக இணைந்தால்தான் இடர் உண்டு. அடுக்கின் விவரிப்பில் மூலமும் வழியும் அடங்கியுள்ளன. நீலக் கட்டி மூலம். தளர்ந்த சாம்பல் வழி. இறுகிய களிமண் தடை.

வழியை அறியாமல் விட்டதன் விளைவை இங்கிலாந்தின் டெர்பிசையர் பகுதியிலுள்ள லோஸ்கோ என்னும் ஊர் கண்டது. செங்கலுக்காகக் களிமண் வெட்டிய பழைய குழியொன்று அங்கு வீட்டுக்குப்பையால் நிரப்பப்பட்டிருந்தது. மக்கிய குப்பையில் உருவான மீத்தேன், நிலத்தடிப் பாறையின் விரிசல்கள் வழியே அருகிலிருந்த குடியிருப்பை அடைந்தது. 1986 மார்ச் 24 அன்று காற்றழுத்தம் விரைந்து தாழ்ந்தபோது வாயு மிகுதியாக வெளிப்பட்டு, ஒரு வீட்டினுள் வெடித்தது. வீடு தரைமட்டமானது, உள்ளே இருந்த மூவர் காயமுற்றனர். நிரப்பிய குழியின் எல்லைக்குள் அவ்வீடு இல்லை. ஆயினும் குழியிலிருந்து வீட்டிற்கு ஒரு வழி இருந்தது. நிலத்தடி வாயுவைப் பற்றிய விழிப்புணர்வை அந்நிகழ்வு பிரிட்டன் முழுவதும் ஏற்படுத்தியது.

சொல்லின் பொறுப்பு

மண்ணை விவரிக்கும் மொழியில் அணிநலத்திற்கு இடமில்லை. ஆனால் சொல்லைத் தேர்ந்து கையாள்வதில் அது இலக்கியத்திற்குச் சற்றும் குறைந்ததன்று. ‘கறுப்பு மண்’ என்பதற்கும் ‘தளர்ந்த, கருநிறச் சாம்பல்’ என்பதற்கும் இடையே ஒரு குடும்பத்தின் நலவாழ்வு நிற்கக்கூடும். மழையில் நனைந்தபடி, இயந்திர இரைச்சலுக்கு நடுவே, மாலைக்குள் பத்துக் குழிகளை முடித்தாக வேண்டிய நெருக்கடியில் இளம் ஆய்வாளர் ஒருவர் எழுதும் வரிகள் அவை. ‘நிரப்பு மண்’ என இரு சொற்களில் முடித்துவிட்டு அடுத்த குழிக்குச் செல்வது எளிது. அன்று எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

கேள்வி பின்னர் எழும். அந்நிலத்தில் குழந்தைகள் விளையாடும்போது எழும். கிணற்று நீரின் நிறம் மாறும்போது எழும். அப்போது குழி மூடப்பட்டிருக்கும், இயந்திரம் போயிருக்கும், கண்டவரும் வேறிடம் சென்றிருப்பார். எழுதிய பதிவு மட்டுமே விடை சொல்ல எஞ்சியிருக்கும். மண் தனக்குள் இருப்பதை மறைப்பதில்லை. தோண்டிய அன்று அது அடுக்கடுக்காகக் காட்டுகிறது. அதைக் கண்டவர் கண்டவாறு எழுதிவைத்தால், காணாதவரும் காக்கப்படுவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முன்பு குளமாகவோ குட்டையாகவோ கல்குவாரியாகவோ இருந்து இப்போது நிரப்பப்பட்டுள்ள ஓர் இடத்தைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.

2. வீட்டு அடித்தளத்திற்காகவோ குழாய்ப் பணிக்காகவோ தோண்டிக் குவித்த மண்ணைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து கண்டு, நிறம், மண்ணின் வகை, கலந்துள்ள பொருள்கள் ஆகியவற்றை விவரித்து எழுதுக. கண்டதையும் கருதியதையும் தனித்தனியே பட்டியலிடுக.

3. ‘பதிவேட்டில் மௌனம் இருபொருள்படும்’ என்னும் கருத்தை, மருத்துவக் குறிப்பு, காவல்துறை அறிக்கை போன்ற பிற துறைப் பதிவுகளோடு பொருத்திக் கலந்துரையாடுக.

4. லவ் கால்வாய் நிலத்தின் விற்பனை ஆவணத்தில் என்னென்ன செய்திகள் இடம்பெற்றிருக்க வேண்டும் எனக் கருதுகிறீர்கள்? பாடப்பகுதியின் துணையோடு பட்டியலிடுக.